நீங்களே கட்டும் 48 வோல்ட் சைக்கிள் பேட்டரி கிட்: செல் பரவாயில்லை, பட்டைதான் சரியில்லை

எலக்ட்ரிக் சைக்கிளுக்கு லித்தியம் பேட்டரி கட்ட வேண்டிய சாமான் எல்லாம் ஒரே பெட்டியில் என்று சொல்லி விற்கிற கிட் இது. கம்பெனிப் பெயர் இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டி. ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும், புதுச்சேரியிலோ கடலூரிலோ ஸ்பேர் கடையில் சொல்லிவைத்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய இதே சரக்குதான். உள்ளே 2600 எம்ஏஎச் (2.6 ஆம்ப் ஹவர்) 18650 செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரமுள்ள உருளை லித்தியம் செல்) 52, செல்லைச் செருகும் பிளாஸ்டிக் ஹோல்டர், செல்களை ஒன்றோடொன்று இணைக்க ‘நிக்கல்’ என்று சீட்டு ஒட்டிய உலோகப் பட்டை ஐந்து மீட்டர், 13எஸ் (சீரிஸில் 13 குரூப்புக்கான) 30 ஆம்ப் பிஎம்எஸ் (சார்ஜ் மிஞ்சாமலும் வற்றாமலும் செல்களைக் காக்கும் போர்டு), சூடுபட்டால் சுருங்கி இறுகும் நீல ஹீட் ஷ்ரிங்க் உறை, எக்ஸ்டி60 கனெக்டர் ஒரு ஜோடி, 54.6 வோல்ட் 2 ஆம்ப் சார்ஜர், இணைப்புகளைக் காட்டும் ஒரே பக்கப் படம்.

செல், ஹோல்டர், சார்ஜர் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். படத்தை நம்பக் கூடாது. பெட்டியில் இல்லாத மூன்று பொருளை, அதாவது செல் முனைக்குக் காகித வளையம், டிசி (நேர்திசை மின்சார) ஃபியூஸ், பிஎம்எஸ் போர்டுக்குப் பூச்சு ஆகியவற்றைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்துக் கட்டினாலும் சைக்கிள் ஓடும். முதல் மாதம் எந்தக் குறையும் தெரியாது. அதுதான் இந்த கிட்டின் ஆபத்து.

முதலில் இது யாருக்குப் போதும் என்ற கணக்கு. நான்கு செல் பேரலலில் (பக்கம் பக்கமாக; கொள்ளளவு கூடும்) ஒரு குரூப், அப்படி 13 குரூப் சீரிஸில் (ஒன்றின் பின் ஒன்றாக; வோல்ட் கூடும்). ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 46.8, முழு சார்ஜில் 4.2 வீதம் 54.6 வோல்ட். கொள்ளளவு 10.4 ஆம்ப் ஹவர், சுமார் 487 வாட் ஹவர். பெடல் மிதிக்காமல் 25 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போனால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட் ஹவர் தின்னும். அடிவரை வற்றவிடாமல் ஓட்டினால் 30 கிலோமீட்டர் சொச்சம் கிடைக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்ச் சேர்வதற்குக் கவலையில்லை. சார்ஜ் போடாமல் திரும்பிவர நினைத்தால் புதுச்சேரிக்குச் சற்று முன்னாலுள்ள அரியாங்குப்பத்துக்கு முன்பே மிதிக்க வேண்டியிருக்கும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்சும் தேவையில்லை என்பதால் அந்த அளவு மோட்டாரையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். மோட்டாருக்குக் கரன்ட் விடும் அதன் கன்ட்ரோலர் அதிகபட்சம் 15 ஆம்ப் இழுக்கும். நான்காகப் பிரிந்தால் ஒரு செல்லுக்கு 3.75 ஆம்ப்; நல்ல 2600 செல்லுக்கு இது பெரிய சுமையல்ல. 1000 வாட் மோட்டாருக்கு இதே கிட்டைப் பரிந்துரைக்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அது பொறுப்பற்ற பேச்சு.

செல்லைப் பார்ப்போம். சமையலறைத் தராசு போதும். 18650 செல் 45 கிராம் சுற்றி இருக்க வேண்டும். 35 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு. நல்ல கம்பெனிகளின் 18650 செல்லே பெரும்பாலும் 3500 எம்ஏஎச்சோடு நின்றுவிடுகிறது. 9900 என்று அச்சடித்த செல் பொய்ச் செல், பேச்சே வேண்டாம். இந்த கிட்டின் செல்கள் எடையில் தேறுகின்றன. புதுச் செல்களைப் பாதிக்கும் குறைவான சார்ஜோடுதான் அனுப்புவார்கள் என்பதால் பெரும்பாலும் 3.5 வோல்ட் பக்கம் இருக்கும். 52 செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து மார்க்கரால் செல்லின் மேலேயே எழுதுங்கள். ஒரு வாரம் அப்படியே வைத்து மறுபடி அளங்கள். மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் 0.03 வோல்ட் இறங்கியிருந்தால் அது உள்ளுக்குள் கசியும் செல். அதைச் சேர்த்துக் கட்டினால் அந்த குரூப்பில் உள்ள மற்ற மூன்றையும் தினமும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் (குரூப்புகளின் வோல்ட் சமநிலை) கெட்டுப்போன பேக்குகளில் பாதிக் கதை இதுதான். இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (செல்லின் உள் மின்தடை) பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கூட்டத்தை விட 5 மில்லி ஓம் விலகி நிற்பதை ஒதுக்கலாம். கிட்டில் உபரிச் செல் ஒன்றுகூடத் தருவதில்லை என்பது பெரிய குறை. 52 வேண்டுமானால் 56 வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் மலிவாகக் கிடைக்கும். டார்ச்சுக்குப் போடுங்கள், சைக்கிளுக்கு வேண்டாம்.

இனி பட்டை. நிக்கல் என்ற பெயரில் பெட்டியில் இருப்பது நிக்கல் முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் சுத்த நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கக் காசே செலவில்லை. ராக் பீச்சிலோ தேவனாம்பட்டினத்திலோ ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வாருங்கள். இரண்டு அங்குலப் பட்டையை வெட்டி, நடுவில் அரத்தால் நன்றாக நாலு இழுப்பு இழுத்து, டம்ளரில் பாதி நனைகிற மாதிரி சாய்த்து வையுங்கள். காலையில் பார்த்தால் இரும்புப் பட்டையில் கீறிய கோட்டிலும் கத்தரித்த ஓரத்திலும் செங்கல் நிறத்தில் துரு படிந்திருக்கும், தண்ணீரும் பழுத்திருக்கும். சுத்த நிக்கல் நேற்று வைத்த மாதிரியே வெள்ளையாகக் கிடக்கும்.

துருவுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த இரும்புப் பட்டையின் மின்தடை நிக்கலைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அதே கரன்ட்டுக்கு இரண்டு மடங்கு சூடு. அந்தச் சூடு செல்லின் தலையிலேயே உட்காரும். மழைக்காலத்தில் ஈரமும் உப்பும் வெல்டிங் புள்ளியின் ஓரத்தில் இறங்கினால், நாலு புள்ளியில் இரண்டு விட்டுப்போகும். மிச்சம் இரண்டு இன்னும் சூடாகும். வெளியே நீல ஷ்ரிங்க் பளபளவென்று புதுசாகவே இருக்கும். 8 மில்லிமீட்டர் அகலம், 0.15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சுத்த நிக்கல் பட்டையை வாங்குங்கள். ஒரு பட்டைக்கு 5 ஆம்ப் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நிம்மதி.

இந்தக் கணக்கில்தான் கிட்டோடு வரும் படம் தோற்கிறது. அதில் ஒரு குரூப்புக்கும் அடுத்த குரூப்புக்கும் நடுவே இரண்டே பட்டை போட்டிருக்கிறார்கள். 15 ஆம்ப் இரண்டாகப் பிரிந்தால் பட்டைக்கு 7.5. கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றுப் பாலம், பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது கன்ட்ரோலர் முழு 15-ஐயும் இழுக்கும். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று அடித்தால் சமதளத்திலும் இழுக்கும். நான்கு செல்லுக்கு நான்கு சீரிஸ் பட்டை போடுங்கள், ஆளுக்கு 3.75. செலவு அரை மீட்டரோ ஒரு மீட்டரோ பட்டை அதிகம், அவ்வளவுதான். பேக்கின் இரண்டு கடைசி முனைகளில் மொத்தக் கரன்ட்டும் ஒரே ஒயரில் சேர்வதால், அங்கே பட்டையை இரண்டடுக்காகப் போட்டு, ஒயரை நாலு செல்லுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். பட்டையின் ஒரு ஓரத்தில் பற்றவைத்தால் அந்த ஓரத்துச் செல்தான் முதலில் கிழடாகும்.

பெட்டியில் விட்டுப்போன பொருள்களில் மிக மலிவானது காகித வளையம். செல்லை நிறுத்தி பாசிட்டிவ் முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் சின்னப் பொத்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். அதற்கும் வெளியே, ஷ்ரிங்க் மடிந்திருக்கும் அந்த விளிம்பு நெகட்டிவ். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர். பாசிட்டிவ்வில் பற்றவைத்த நிக்கல் பட்டை இந்த விளிம்பைத் தாண்டித்தான் பக்கத்துச் செல்லுக்குப் போகிறது. அங்கே அதைத் தடுத்து நிற்பது தலைமுடி தடிமன் பிளாஸ்டிக் உறை ஒன்றே. சாலைக் குலுக்கலில் பட்டையின் ஓரம் அதை ஆறு மாதம் தேய்த்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஃபியூஸோ பிஎம்எஸ்ஸோ இதைத் தடுக்க முடியாது, ஷார்ட் அவற்றுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பார்லி பேப்பர் என்று கடைகளில் கிடைக்கும் பசை தடவிய வளையத்தை 52 பாசிட்டிவ் முனையிலும், வெல்டிங்குக்கு முன்பே, ஒட்டிவிடுங்கள். செல்லின் மேலுறை எங்கேயாவது கீறியிருந்தால் புது உறை மாட்டாமல் உபயோகிக்காதீர்கள்.

ஹோல்டரைப் பாராட்ட வேண்டும். செல்லுக்குச் செல் சிறு இடைவெளி விட்டு நிறுத்துகிறது. காற்றும் போகும், உறையும் உரசாது. இடம் மிச்சம் பிடிக்கச் செல்லை ஒட்டி ஒட்டிப் பசை போட்டுக் கட்டுபவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் வேண்டாம்.

வெல்டிங். சால்டரிங் அயர்னை நேராகச் செல்லில் வைக்கவே கூடாது. பெரிய உலோக உடம்பு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈயம் பிடிப்பதற்குள் முனையிலுள்ள சீலும் உள்ளே பாசிட்டிவ்வையும் நெகட்டிவ்வையும் பிரித்துவைக்கும் செப்பரேட்டரும் வெந்துவிடும். ஒரு நொடிக்குள் பட்டையைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டர் ஒன்றுதான் வழி. கைக்கடக்கமான சார்ஜ் செய்யும் வெல்டர்களில் பல 0.1 பட்டையோடு திணறிவிடும், 0.15-க்கு மேல் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஒரு பேக்குக்காக வெல்டர் வாங்குவது வீண். பேட்டரி சர்வீஸ் செய்யும் கடையில் கூலிக்கு வெல்டிங் மட்டும் அடித்துத் தரச் சொல்லலாம், ஆனால் பட்டை நீங்கள் கொண்டுபோனதாக இருக்கட்டும், வளையத்தையும் நீங்களே ஒட்டிக்கொண்டு போங்கள். முதலில் ஒதுக்கிய செல் ஒன்றில் அடித்துக்காட்டச் சொல்லி, பட்டையை இடுக்கியால் பிய்த்துப் பாருங்கள். பட்டை கிழிந்து வெல்டிங் பொட்டு செல்லிலேயே தங்கினால் சரியான அடி. பட்டை சுத்தமாக உரிந்து வந்தால் பவர் போதவில்லை. செல்லில் ஓட்டை தெரிந்தாலோ இனிப்பான ரசாயன வாடை அடித்தாலோ பவர் மிஞ்சிவிட்டது; அந்தச் செல் குப்பைக்கு. ஒரு செல்லுக்கு நாலு பொட்டாவது வேண்டும்.

ஒரு குரூப்பில் சேரும் நாலு செல்லுக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் பட்டை வைத்த நொடியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரன்ட் பாயும். பேரலல் பட்டைகளை முடித்துவிட்டு சீரிஸுக்கு வாருங்கள். 6 குரூப் ஒரு பாதி, 7 குரூப் ஒரு பாதி என்று தனித்தனியே கட்டி, கடைசியில் சேருங்கள். அதுவரை வேலை செய்யாத பக்கம் முழுக்க அட்டையோ டேப்போ போட்டு மூடியிருக்கட்டும். கையில் காப்பு, மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் செயின் எல்லாம் கழற்றிவைத்த பிறகுதான் உட்கார வேண்டும். ஸ்குரூ டிரைவரின் தண்டிலும் கத்தரியின் பிடியிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஒரு குரூப்பை ஷார்ட் செய்தாலே நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். விழுந்த இடுக்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பிஎம்எஸ்ஸில் தடித்த ஒயர் இரண்டு, பொடி ஒயர் 14. பொடி ஒயரைத்தான் அவசரப்பட்டு மாற்றிப் பற்றவைத்துப் போர்டைப் பொசுக்குகிறார்கள். கனெக்டரைப் போர்டில் செருகாமல் கழற்றிவைத்துவிட்டு, 14 ஒயரையும் அந்தந்த குரூப்பில் பற்றவையுங்கள். செல் மேல் அல்ல, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே தொங்கும் பட்டையில். பிறகு மீட்டரின் கறுப்பு முனையைக் கனெக்டரின் முதல் கறுப்பு ஒயரில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு பின்னாக நகர்த்துங்கள். 3.6, 7.2, 10.8 என்று மாடிப்படி மாதிரி ஒரே அளவில் ஏறி 46.8-இல் முடிய வேண்டும். செல் 3.5-இல் இருந்தால் 3.5, 7.0, 10.5. ஒரு படி விட்டுப்போனாலோ இறங்கினாலோ எங்கோ ஒயர் மாறியிருக்கிறது. சரியான பிறகு தடித்த பி மைனஸ் (பேக்கின் நெகட்டிவ் முனைக்குப் போகும்) ஒயரை முதலில் பற்றவைத்து, அதற்கப்புறம் கனெக்டரைச் செருகுங்கள். வரிசை மாறக் கூடாது.

30 ஆம்ப் என்று போர்டில் அச்சு இருந்தாலும் அது தொடர்ந்து தாங்கும் அளவா, ஒரு நொடி தாங்கும் அளவா என்று கிட்டில் எங்கும் எழுதவில்லை. 15 ஆம்ப் கன்ட்ரோலருக்கு எப்படியும் போதும் என்பதால் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, டெம்பரேச்சர் சென்சார் இல்லாதது. கொஞ்சம் கூடக் கொடுத்து சென்சார் உள்ள பிஎம்எஸ்ஸாக வாங்கி, அந்தச் சென்சாரின் முனையை பேக்கின் நடுச் செல்களுக்கு இடையில் செருகுவது நல்லது. இன்னொன்று, இதில் பேலன்ஸ் கரன்ட் 50 மில்லி ஆம்ப் அளவில்தான் இருக்கும். ஒரு குரூப் அரை ஆம்ப் ஹவர் பின்தங்கியிருந்தால் சரிசெய்யப் பத்து மணி நேரம் பிடிக்கும். ஆகவே முதல் சார்ஜில் பச்சை விளக்கு வந்ததும் கழற்றாமல், ஆள் விழித்திருக்கும் பகல் பொழுதாகப் பார்த்து, இன்னும் சில மணி நேரம் விட்டுவையுங்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் ஸ்பேர் கடைக்காரர்களே தப்புச் சொல்வதுண்டு. பைக், காரில் போடும் தட்டை பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட் டிசியில் அது உருகினாலும் உருகிய இடைவெளியில் ஆர்க் (மின்பொறி) நின்று எரியும். வீட்டு ஏசி (மாறுதிசை) கரன்ட்டுக்கான கண்ணாடி ஃபியூஸும் அப்படித்தான். ஏசியில் ஆர்க் தானாக அணைய வாய்ப்புண்டு, டிசியில் அது கிடையாது. ஃபியூஸ் மேல் 58 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். இந்தப் பேக்குக்கு 25 ஆம்ப் சரியாக இருக்கும். பேக்கின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். கன்ட்ரோலர் பக்கம் போட்டால் நடுவில் ஒயர் நசுங்கினால் அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

உப்புக்காற்றுக்கு வருவோம். பிஎம்எஸ் போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் அண்டாத மெல்லிய பூச்சு) ஸ்பிரே இரண்டு கை அடியுங்கள், கனெக்டர் வாயை டேப்பால் மறைத்துவிட்டு. ஒயர்களைப் பிடிக்க சிலிக்கான் பசை போடுவதானால், புளிக்காடி வாடை அடிக்கிற சாதாரண பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அந்த வாடை அசிட்டிக் ஆசிட். காயும்போதே செப்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று எழுதியதை வாங்குங்கள். கிட்டில் தரும் நீல ஷ்ரிங்க் வெறும் சட்டை, பெட்டி அல்ல. மேலும் கீழும் கிளாஸ் எபாக்சி தகடு, சுற்றி ஃபோம், அதற்கு மேல் ஷ்ரிங்க், அதற்கு மேல் கட்டியான பெட்டி. ஒயர் வெளியே வரும் துளை அடிப்பக்கம் இருக்கட்டும், ஒயரைச் சுற்றி இறுகும் ரப்பர் கிளாண்டோடு. ஆனால் காற்றே போகாமல் அடைத்துவிடாதீர்கள். ஒரு செல் வாயு கக்கினால் அது போக வழி இல்லையென்றால் பெட்டியே வெடிக்கும். வாயுவை வெளியே விடும் பிரீதர் வால்வு ஒன்று போடுங்கள்.

சார்ஜர் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லோடு இல்லாமல் 54.6-க்கு மேல் காட்டவில்லையா என்று மட்டும் முதல் நாள் மீட்டரில் பாருங்கள். 2 ஆம்ப் வீதம் காலிப் பேக் நிரம்ப ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது. கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்கடியில் நின்ற சைக்கிளின் பேட்டரிப் பெட்டி அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். வந்ததும் செருகாமல், தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டுப் போடுங்கள். கேஸ் சிலிண்டர் பக்கத்திலும், மாடிப்படி அடியிலும், வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலிலும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது. புகை நச்சு, முதலில் ஆட்களை வெளியே கொண்டுவந்து தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். அணைப்பது என்றால் ஏராளமான தண்ணீர்தான் செல்லைக் குளிர்விக்கும்.

எடை பிரச்சினை இல்லாதவர்கள் இந்த கிட்டை விட்டுவிட்டு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லுக்குப் போகலாம். 32700 அளவில் 6 ஆம்ப் ஹவர் செல், 15 சீரிஸில் இரண்டு பேரலல், மொத்தம் 30 செல், 48 வோல்ட், 12 ஆம்ப் ஹவர். எடை செல் மட்டுமே நாலரைக் கிலோவை ஒட்டிப் போகும். இந்த கிட்டின் செல்லோ இரண்டரைக் கிலோ இல்லை. பதிலுக்கு, சூடு தாங்கும் தன்மையும் ஆயுளும் அதில் அதிகம். சில செல்களில் ஸ்குரூ முனை வருவதால் வெல்டிங் கூலியும் மிச்சம். ஆனால் சார்ஜர் வேறு, பிஎம்எஸ் வேறு. 15 சீரிஸ் எல்எஃப்பிக்கு 54.75 வோல்ட், இந்த கிட்டுக்கு 54.6. எண் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பிஎம்எஸ்ஸைக்கூட மாற்றிப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டி முடித்து முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் பெட்டியைத் திறந்து, 13 குரூப்பையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று 0.02 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். விரலால் இன்சுலேஷன் மேல் தடவிப் பார்த்தால் எந்த இடமும் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை இந்த அளவை எடுத்தால் எந்த குரூப் பின்தங்குகிறது என்று முன்கூட்டியே தெரியும். மழைக்காலத்தில் வண்டி நிற்கப்போகிறது என்றால் 49 வோல்ட் அளவில் வைத்து, தரையில் அல்லாமல் மேலே ஏற்றிவையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளத்தில் மூழ்கிய பேக்கைக் காயவைத்து மறுபடி சார்ஜ் போடாதீர்கள். வெளியே, எரியக்கூடிய எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, பழைய பேட்டரி எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.